சேவையகத் தட்டுக்களும் அவற்றின் பெயர்நிலையும்

பெயர் என்பது பொருளைச் சுட்டுதற்கு அமைந்த கருவி. ஒரு பெயரைக் கேட்ட அளவிலே ஒரு பொருள் மாத்திரம் கருத்துக்கு வருமாயின், அப்பெயர் தன் தொழிலைச் செவ்வனே செய்கின்றது எனலாம். இன்று ஒரு பொருளையும் நாளை பிறிதொரு பொருளையும் சுட்டும் பெயரோ, பெயர் இல்லாமையினும் பெருந்தீமை பயப்பது. பெயர் அறியாதவன் பொருளைத் தேடிக்கொண்டேனும் இருப்பான். மாறிய பெயரை நம்பியவன் வேறொரு பொருளைக் கைக்கொண்டு, தான் செய்தது சரியே என்று அமைதியுற்றிருப்பான்.

இவ்வுண்மையைப் பாடசாலை வழக்கிலேயே காணலாம். ஒரு மாணவனை நான்கு வகையாகச் சுட்டுதல் கூடும். காலையில் வகுப்பறைக்கு வந்த ஒழுங்கு பற்றி 'முதலாவதாக வந்தவன்' எனலாம். இருக்கும் இடம் பற்றி 'சன்னலோரத்து இரண்டாம் வாங்கில் இருப்பவன்' எனலாம். பாடசாலையிற் சேர்ந்த அன்று இடாப்பிலே பதிந்த சேர்விலக்கத்தாலும் அவனைச் சுட்டலாம். பரீட்சை மண்டபத்திலோ, அவன் எழுதிய விடைத்தாள் சுட்டெண்ணால் அறியப்படும். முதலாவது வகை நாடோறும் மாறுவது. இரண்டாவது, வாங்குகள் இடம் மாறாதிருக்கும் வரை நிலைப்பது. மூன்றாவது மாணவனோடு ஒட்டியது. நான்காவது எழுத்தோடு ஒட்டியது. எழுதியவன் வீடு சென்ற பின்னரும் விடைத்தாளோடு அது செல்லும்.

கணினியிற் பொருத்தப்படும் சேமிப்புத் தட்டுக்களும் இவ்வாறே நால்வகைப் பெயர் பெறுகின்றன. நன்னூலார் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறும் பற்றிப் பகுத்தமை மாணவர் அறிந்ததே. பெயர் எதனைப் பற்றி எழுந்தது என்னும் வினா இலக்கணத்திற்கு மாத்திரம் உரியதன்று; கணினித் துறையிலும் அஃது இன்றியமையாதது. சேவையகம் ஒன்றைப் புதிதாக நிறுவும்பொழுதும், பழுதுற்றதை மீட்கும்பொழுதும், தட்டின் பெயர் எதனைப் பற்றியது என ஆராயாது செயற்படின் பல்லாண்டு சேர்த்த தரவு ஒரு நொடியில் அழிந்துபோதல் கூடும்.

சேவையகம் என்பது பலருக்கும் ஒருங்கே பணிசெய்யும் கணினி. வைத்தியசாலையின் நோயாளர் பதிவேடு, வங்கியின் கணக்கேடு, பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பெறுபேறு முதலியன இத்தகைய கணினிகளிலே பேணப்படுகின்றன. வீட்டுக் கணினியில் ஒரு தட்டு அமைவதே பெரும்பான்மை. சேவையகத்திலோ நான்கும் எட்டும் இருபத்துநான்கும் அமைதலுண்டு. அவற்றுள் ஒன்று பணிசெயல் முறைமையைத் தாங்கும். ஏனையவை தரவைத் தாங்கும். இவையன்றி, வேறோர் அறையில் நிற்கும் சேமிப்புப் பெட்டகத்தின் தட்டுக்களும் ஒளியிழை வழியாகச் சேவையகத்தோடு இணைக்கப்படுவதுண்டு. புறத்தோற்றத்தில் இவை பெரும்பாலும் ஒரே வடிவின. கணினியை நடத்துவோன் இவற்றை வேறுபடுத்தி ஏவுவது பெயர் கொண்டேயாம்.

இப்பெயரீட்டின் வரலாறு யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையோடு தொடர்புடையது. 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் ஆக்கத் தொடங்கிய அம்முறைமை, சாதனங்களையும் கோப்புக்களைப் போலவே காட்டும் மரபினை உடையது. தட்டும் அச்சுப்பொறியும் முனையமும் ஒரு கோப்புறையினுள்ளே தத்தம் பெயரோடு தோன்றும். 1991 ஆம் ஆண்டில் லினஸ் தோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் இம்மரபையே தழுவியது. இன்று உலகின் சேவையகங்களுட் பெருந்தொகையானவை லினக்ஸ் கொண்டு இயங்குதலின், அதனையே ஈண்டு முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் தகும்.

தொடக்க கால லினக்ஸில் இருவகைப் பெயரீடு வழங்கியது. ஐ.டி.ஈ. எனப்பட்ட இணைப்பு முறையில் இரண்டு வாய்க்கால்களும், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு இடங்களும் இருந்தன. முதல் வாய்க்காலின் முதலிடத்துத் தட்டு எச்டிஏ. அதன் இரண்டாமிடத்துத் தட்டு எச்டிபி. இரண்டாம் வாய்க்காலின் இரு தட்டுக்களும் முறையே எச்டிசி, எச்டிடி எனப் பெயர் பெற்றன. எச்டிபி இல்லாதொழியினும் எச்டிசி தன் பெயரை இழப்பதில்லை. ஆதலின் இஃது இடம் பற்றிய பெயராகும்.

ஸ்கசி எனப்பட்ட மற்றை முறையிலோ ஒரு வடத்திற் பல சாதனங்களை இணைக்கலாம். இடங்கள் பல, நிரம்பியவை சில. ஆகவே இடங்கள் யாவற்றுக்கும் பெயரை ஒதுக்கி வையாது, கண்டறியப்பட்ட தட்டுக்களுக்கு மாத்திரம் கண்ட ஒழுங்கிலே எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி எனப் பெயரிட்டனர். இருபத்தாறு எழுத்துக்களும் முடிந்துவிடின் அடுத்த தட்டு எஸ்டிஏஏ ஆகும். இது சிக்கனமான ஏற்பாடு. ஆயினும், முன்னிற்கும் தட்டு ஒன்று விலகினாலும் புதிதாக ஒன்று புகுந்தாலும் பின்னுள்ள பெயர்கள் யாவும் இடம்பெயர்ந்து விடுகின்றன. முதலாவதாக வரும் மாணவன் ஒருநாள் வாராதொழியின், இரண்டாமவன் 'முதலாவதாக வந்தவன்' ஆகிவிடுதல் போன்றது இது.

இதனால் விளையும் தீங்கினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வைத்தியசாலையின் சேவையகத்தில் மூன்று தட்டுக்கள் உள எனக் கொள்க. எஸ்டிஏ பணிசெயல் முறைமையையும், எஸ்டிபி நோயாளர் பதிவேட்டையும், எஸ்டிசி காப்புப் பிரதியையும் தாங்குவன. நள்ளிரவுதோறும் எஸ்டிபி முழுவதையும் எஸ்டிசியின்மேற் படியெடுக்குமாறு கட்டளையொன்று எழுதப்பட்டுள்ளது. ஒருநாள் நான்காவது தட்டொன்று புதிதாகப் பொருத்தப்படுகின்றது. மறுதொடக்கத்தில் அப்புதிய தட்டே முதலிற் கண்டறியப்பட்டு எஸ்டிஏ என்னும் பெயரைப் பெறுகின்றது. அப்பொழுது முறைமைத் தட்டு எஸ்டிபியாகவும், பதிவேட்டுத் தட்டு எஸ்டிசியாகவும், காப்புத் தட்டு எஸ்டிடியாகவும் மாறிவிடும். முறைமை வேறொரு வழியாற் பிழையின்றித் தொடங்கிவிடுமாயின் பகல் முழுவதும் யாதொரு குறையும் தோன்றாது. நள்ளிரவிலே கட்டளை தன் கடமையைத் தவறாது செய்யும். எஸ்டிபியிலுள்ள முறைமையை எஸ்டிசியிலுள்ள பதிவேட்டின்மேல் எழுதிவிடும். எந்தப் பதிவேட்டைக் காக்க அக்கட்டளை எழுதப்பட்டதோ, அதனையே அஃது அழித்துவிடும்.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. கட்டளையிற் பிழையில்லை, தட்டிற் பழுதில்லை, மின்சாரம் தடைப்படவில்லை. பெயர் மாத்திரமே பிறிதொன்றைச் சுட்டியது. 'எஸ்டிபி' என்னும் பெயருக்குரிய தட்டு அவ்விடத்தில் இல்லாதபொழுது அப்பெயரும் வாளாவிருந்திருக்குமாயின் கட்டளை நிறைவேறாது நின்றிருக்கும். மறுநாட் காலையிற் பிழையறிவித்தல் ஒன்றே எஞ்சியிருக்கும். எனவே, நல்ல பெயருக்குரிய இலக்கணம் இரண்டு என்பது போதரும். பொருள் உள்ளவிடத்து அதனையே சுட்டுதல் ஒன்று. பொருள் இல்லாதவிடத்து வேறொன்றையும் சுட்டாதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டனுள்ளும் இரண்டாவதே சேவையகத்தில் உயிர் காப்பது.

புதிய தட்டைப் பொருத்தினால் அன்றோ ஒழுங்கு மாறும் எனச் சிலர் வினவலாம். அங்ஙனமன்று. விரைவு கருதி, இக்காலத்துப் பணிசெயல் முறைமைகள் தட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடாது ஒருங்கே தேடுகின்றன. எது முந்தி மறுமொழி தருகின்றதோ அது முந்திய பெயரைப் பெறுதல் கூடும். சுழலுந் தட்டொன்று முழுவேகம் அடையச் சில நொடி தாமதித்தாலே ஒழுங்கு பிறழலாம். மேலும், நிறுவுநிரல் தன்னுடன் கொண்டுவரும் உட்கரு வேறு. நிறுவிய பின் இயங்கும் உட்கரு வேறு. மீட்புக்காக வெளியிலிருந்து தொடக்கும் உட்கரு வேறு. இயக்கிநிரல்கள் ஏறும் ஒழுங்கு அவற்றில் வேறுபடும். நிறுவுநிரல் பென்டிரைவிலிருந்து தொடங்குமாயின், அப்பென்டிரைவும் ஒரு தட்டாக எண்ணப்பட்டுச் சிலவேளை எஸ்டிஏ என்னும் பெயரைத் தானே கவர்ந்துகொள்ளும். ஆகவே நிறுவும்பொழுது காணும் ஒழுங்கும், இயங்கும்பொழுது காணும் ஒழுங்கும், மீட்கும்பொழுது காணும் ஒழுங்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்னும் நியதி யாதுமில்லை.

வன்பொருளில் யாதொரு மாற்றமும் நிகழாதபொழுதும் பெயர் முற்றாக மாறியமைக்கு வரலாற்றுச் சான்றுண்டு. 2007 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த பெடோரா 7 என்னும் லினக்ஸ் வழங்கலில், பழைய ஐ.டி.ஈ. தட்டுக்களும் புதிய இயக்கிநிரற் றொகுதியின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதனால் நேற்று எச்டிஏ எனப்பட்ட தட்டு இன்று எஸ்டிஏ ஆயிற்று. அட்டவணைகளிற் பழைய பெயரை எழுதி வைத்திருந்தோர் இடர்ப்பட்டனர். தட்டின் உள்ளடக்கத்திற்கு இட்ட பெயரை எழுதி வைத்திருந்தோருக்கோ ஒரு மாற்றமும் வேண்டியிருக்கவில்லை.

வணிக யுனிக்ஸ் முறைமைகள் இக்குறையை இடாப்பு முறையால் நீக்க முயன்றன. சன் நிறுவனத்தின் சொலாரிஸ், ஒவ்வொரு சாதனத்தின் வன்பொருள் வழியையும் அதற்கு வழங்கிய எண்ணையும் ஒரு கோப்பிலே பதிந்துவைத்தது. ஹியூலெற் பக்காட் நிறுவனத்தின் எச்.பி. யூஎக்ஸும் அவ்வாறே ஒரு கோப்பைப் பேணிற்று. ஒருமுறை எண் பெற்ற சாதனம் மறுதொடக்கத்திலும் அவ்வெண்ணையே பெறும். ஆயினும் அவ்விடாப்பு முறைமைத் தட்டிலேயே இருந்தது. முறைமையைப் புதிதாக நிறுவினாலும், வேறொரு கணினியிலே மீட்டாலும், பழைய இடாப்பு அங்கே இராது. எண்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து வழங்கப்படும். இதனாலேயே எச்.பி. யூஎக்ஸை நிறுவவும் மீட்கவும் பயன்பட்ட இக்னைற் என்னும் கருவியில், இன்ன வழியிலுள்ள சாதனத்துக்கு இன்ன எண் என முன்னரே எழுதிக்கொடுக்கும் வசதி அமைக்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முறைமையின் 11ஐ மூன்றாம் பதிப்பு, வழி பற்றிய பழைய பெயர்களோடு, தட்டின் உலகப் பொது அடையாளம் பற்றிய புதிய பெயர்களையும் வழங்கிற்று. வழி மாறினும் அப்பெயர் மாறுவதில்லை.

லினக்ஸில் இத்திருத்தம் யூடெவ் என்னும் நிரலால் நிகழ்ந்தது. கிறெக் குறோ ஹாட்மன் என்பவரால் 2003 ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. எஸ்டிஏ முதலான பெயர்களை ஒழியாது வைத்துக்கொண்டே, ஒவ்வொரு தட்டுக்கும் மாற்றுப்பெயர்கள் பலவற்றைத் தனித்தனிக் கோப்புறைகளில் அமைக்கும் வழியை இது திறந்தது. அக்கோப்புறைகளுள் ஒன்று இடம் பற்றியது. ஒன்று தட்டின் உடல் பற்றியது. ஏனையவை உள்ளடக்கம் பற்றியன. இவற்றின் இயல்பினை முறையே நோக்குதல் வேண்டும்.

இடம் பற்றிய பெயர், தட்டு எந்த அட்டையில் எந்த வாயிலில் இணைந்துள்ளது என்பதைக் கூறுவது. பழுதுற்ற தட்டைக் கழற்றி அதே குழியிற் புதியதொன்றைச் செருகின், புதியதும் பழைய பெயரையே பெறும். 'மூன்றாங் குழியிலுள்ள தட்டு யாதாயினும் அதனைப் பயன்படுத்துக' என்று கூறவேண்டிய இடத்து இது தகுதியானது. ஆயின், கட்டுப்பாட்டு அட்டையை வேறொரு துளையில் மாற்றிச் செருகினாலும், சில கணினிகளிற் புதிய அட்டையொன்றைச் சேர்த்தாலும், வழியெண்கள் மாறிப் பெயரும் மாறக்கூடும்.

உடல் பற்றிய பெயர், தட்டினைச் செய்த தொழிற்சாலை அதற்கு இட்ட அடையாளத்தினின்று பிறப்பது. உற்பத்தியாளர் பெயர், மாதிரி, தொடரெண் ஆகியன சேர்ந்து ஒரு பெயராகும். உலகப் பொது அடையாளம் என்னும் எண்ணும் உண்டு. தட்டுக்களிற் பெரிதும் காணப்படும் அதன் 64 பிட் வடிவத்தில் 24 பிட்டுகள் உற்பத்தி நிறுவனத்தைக் குறிப்பன, அவ்வெண்ணை ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியியலாளர் நிறுவனம் வழங்குகின்றது. ஏனைய பிட்டுகளைத் தட்டுக்குத் தட்டு வேறாக இடுவது உற்பத்தியாளர் கடமை. இது சேர்விலக்கம் போன்றது. எக்குழியில் எக்கணினியிற் செருகினும் மாறாது. ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. மெய்நிகர்க் கணினிகளின் தட்டுக்களுக்குத் தொடரெண்ணை அமைப்போர் இட்டாலன்றிச் சிலவேளை உடற்பெயரே இராது. சில யூ.எஸ்.பி. உறைகள் உள்ளிருக்கும் தட்டின் தொடரெண்ணை மறைத்துத் தம் எண்ணையே கூறுவதுமுண்டு.

உள்ளடக்கம் பற்றிய பெயர், தட்டிலே கோப்பு முறைமையை அமைக்கும்பொழுது அதனுள்ளேயே எழுதப்படுவது. மனிதர் விளங்கும் சிறுபெயரை இடுதல் ஒரு முறை. யூயூஐடி எனப்படும் 128 பிட் எண்ணைப் பொறித்தல் மற்றொரு முறை. அவ்வெண் பதினாறின் அடியில் 32 இலக்கங்களாகவும், இடையே நான்கு சிறு கோடுகளோடு மொத்தம் 36 குறிகளாகவும் எழுதப்படும். எழுமாற்றாகப் பிறப்பிக்கும் வகையில் 122 பிட்டுகள் எழுமாறானவை. ஆதலால் தனித்தனியே பிறந்த ஈரெண்கள் ஒன்றாதல் நடைமுறையில் நிகழாதென்றே கொள்ளலாம். ஆயின், பிறப்பித்தது அன்றிப் படியெடுத்ததாயின் நிலை வேறு. அதனைப் பின்னர்க் காண்க.

பெரிய நிலையங்களிற் பிறிதொரு சிக்கலும் உண்டு. சேமிப்புப் பெட்டகத்திற்குச் சேவையகத்திலிருந்து இரண்டு அல்லது நான்கு வழிகள் அமைப்பர். ஒன்று அறுந்தாலும் மற்றையது பணிசெய்யும். அப்பொழுது ஒரு தட்டே எஸ்டிபி எனவும் எஸ்டிஎஃப் எனவும் இரண்டாகத் தோன்றும். உடல் பற்றிய அடையாளம் இரண்டிலும் ஒன்றாயிருத்தல் கொண்டே, இவை ஒரு தட்டின் இரு வழிகள் எனப் பல்வழி நிரல் துணிந்து, அவற்றை ஒரு பெயரின்கீழ்ச் சேர்க்கின்றது. அப்பெயரைச் சுருக்கமாக எம்பாத்ஏ, எம்பாத்பி என இடும் வழக்கமும் உண்டு. ஆயின் இச்சுருக்கப் பெயர்களும் ஒரு கோப்பிற் பதியப்பட்ட இடாப்பையே சார்ந்தவை. அக்கோப்பின் படி தொடக்கநிலைப் பொதியிலும் ஏனைய சேவையகங்களிலும் ஒன்றாயிராவிடின், ஓரிடத்தில் எம்பாத்ஏ ஆகிய தட்டு மற்றோரிடத்தில் எம்பாத்பி ஆதல் கூடும்.

இனி, நிறுவுதலை நோக்குவோர் முதலில் உணரவேண்டியது யாதெனில், அவ்வேளையில் உள்ளடக்கப் பெயர் பயன்படாது என்பதே. புதிய தட்டிற் பெயர் இன்னும் எழுதப்படவில்லை; பழைய தட்டிலோ எழுதிய பெயர் அழிக்கப்பட இருக்கின்றது. ஆதலின் நிறுவுங்கால் தட்டைச் சுட்டுதற்கு உடற்பெயரே சிறந்தது. ஒரே அமைப்புடைய நூறு கணினிகளை ஒரே ஆணைக்கோப்பால் நிறுவும்பொழுது, தொடரெண்கள் வெவ்வேறாதலின், இடப்பெயர் பொருந்தும். றெட் ஹற் மரபினவான லினக்ஸில் ஆளின்றி நிறுவுதற்கு வழங்கும் கிக்ஸ்ராற் என்னும் ஆணைக்கோப்பில், 'இன்ன தட்டினை மாத்திரம் பயன்படுத்துக. ஏனையவற்றைக் காணாதது போல் விடுக' என எழுத இடமுண்டு. அவ்வாணையில் உடற்பெயரையும் இடப்பெயரையும் எழுதலாம். 'எல்லாத் தட்டுக்களையும் துடைக்க' என்னும் ஆணையை எழுதி, பெட்டகத்து ஒளியிழை இணைந்திருக்கும் நிலையில் நிறுவத் தொடங்குதல், குப்பைக்குத் தீயிடுவோன் அருகிலுள்ள வைக்கோற்போரை மறந்ததை ஒக்கும். நிறுவி முடியும் வரை பெட்டகத்தின் இணைப்பை விலக்கி வைத்தல் அனுபவமுடையோர் கைக்கொள்ளும் வழக்கமாகும்.

நிறுவிய பின் தட்டின் பெயர் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும். தொடக்கநிரலின் அமைப்புக் கோப்பு ஒன்று. உட்கருவோடு ஏற்றப்படும் தொடக்கநிலைப் பொதி ஒன்று. எந்தக் கோப்பு முறைமையை எக்கோப்புறையில் இணைப்பது எனக் கூறும் எஃப்எஸ்ராப் என்னும் அட்டவணை ஒன்று. இம்மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருத்தல் வேண்டும். அன்றாட இயக்கத்தில் உள்ளடக்கப் பெயரே இவற்றிற்கு உரியது. ஏனெனில் சேவையகம் வேண்டுவது 'இக்குழியிலுள்ள தட்டு' என்பதன்று, 'நோயாளர் பதிவேடு எழுதப்பட்ட இடம்' என்பதே. அட்டவணையில் எழுதிய யூயூஐடியை உடைய தட்டு தோன்றாதவிடத்து, சிஸ்ரம்டி கொண்டு இயங்கும் லினக்ஸ் முறைமைகள் இயல்பாக 90 நொடி காத்திருந்து, பின்னர் அவசரநிலைக்குச் சென்று நின்றுவிடும். இதனைக் குறையெனக் கருதுவோர் உளர். உண்மையில் இது நன்மையே. பொருள் இல்லாதவிடத்துப் பெயர் வாளாவிருந்தது. பிறிதொரு தட்டு பதிவேட்டின் இடத்தைப் பிடிக்கவில்லை. இன்றியமையாதனவல்லாத தட்டுக்களுக்கு மாத்திரம், 'இல்லையாயினும் தொடர்க' என அட்டவணையிற் குறித்துவிடலாம்.

இனி மீட்பு. நிறுவுதலினும் இது கடினமானது. செய்வோன் மனநிலையும் அவ்வேளையில் அமைதியாயிராது. மீட்பு வேளையிற் பொருள்களே மாறிவிடுகின்றன. பழைய தட்டு இறந்துவிட்டது. அதன் உடற்பெயர் இனி ஒருபொழுதும் தோன்றாது. காப்புப் பிரதியிலிருந்து கோப்புக்களைப் புதிய தட்டில் எழுதினும், புதிதாக அமைத்த கோப்பு முறைமை புதிய யூயூஐடியையே பெற்றிருக்கும். பழைய அட்டவணையோ பழைய எண்ணையே கேட்கும். கோப்புக்கள் யாவும் மீண்டிருந்தும் சேவையகம் தொடங்க மறுத்தலின் காரணம் பலவேளை இதுவே. இதற்கு வழி இரண்டு. கோப்பு முறைமையை அமைக்கும்பொழுதே பழைய எண்ணை இடுதல் ஒன்று; ஈஎக்ஸ்ரி4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய இரண்டும் இதற்கு இடந்தருவன. மேற்கூறிய மூன்று இடங்களிலும் புதிய எண்ணை எழுதுதல் மற்றொன்று. இரண்டனுள் எதனைக் கொள்ளினும் முற்றாகக் கொள்ளல் வேண்டும். அட்டவணையைத் திருத்தித் தொடக்கநிலைப் பொதியைத் திருத்தாது விடுதல் பாதிவழியில் நிற்பதாகும்.

மீட்பில் இதற்கு எதிரான இடரும் உண்டு. இறந்துகொண்டிருக்கும் தட்டினைப் பிட்டுக்குப் பிட்டாகப் புதிய தட்டிற் படியெடுப்பர். அப்பொழுது யூயூஐடியும் படியாகிவிடும். ஒரே சுட்டெண்ணை உடைய இரண்டு விடைத்தாள்கள் திருத்துவோன் மேசைக்கு வந்தது போன்ற நிலை இது. இரண்டு தட்டுக்களும் ஒரே கணினியில் நிற்கும்பொழுது எண்ணாற் கேட்டால் எது கிடைக்கும் என உறுதி கூறல் இயலாது. எக்ஸ்எஃப்எஸ், அதே எண்ணுடைய பிறிதொன்று முன்னரே இணைந்திருப்பின் இணைய மறுத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையிலோ, மூலமும் படியும் ஒருங்கே தோன்றும்பொழுது தரவு கெடுதலும் கூடும். ஆதலின் படியெடுத்து முடிந்தவுடன் பழைய தட்டைக் கழற்றிவிடுதல், அன்றி இரண்டனுள் ஒன்றுக்குப் புதிய எண்ணை இடுதல் இன்றியமையாதது. படியெடுக்குங்கால் மூலம் எது, சேருமிடம் எது என்பதை உடற்பெயரால் மாத்திரமே துணிதல் வேண்டும். படியெடுக்கப் பயன்படும் டிடி என்னும் கட்டளை எழுதுமுன் ஒரு வினாவும் வினவாது. மூலத்தையும் சேருமிடத்தையும் மாறி எழுதினோன் வெறுமையான புதிய தட்டைக் கொண்டு பழைய தரவை மூடிவிடுவான்.

இணைத்தட்டு முறையிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். இரண்டு தட்டுக்களில் ஒரே தரவை எழுதும் முறையில் ஒன்று பழுதுற்றால் மற்றையதே எஞ்சிய ஒரே பிரதி. அவ்வேளையிற் பழுதுற்றதைக் கழற்றச் செல்வோன், 'எஸ்டிபி என்றால் இரண்டாவது குழி' என ஊகித்து நல்ல தட்டினைக் கழற்றிவிடுதல் நிகழக்கூடியது. தட்டின் மேலொட்டிய தாளில் அச்சிட்டுள்ள தொடரெண்ணைக் கணினி கூறும் தொடரெண்ணோடு ஒப்பிட்ட பின்னரே கைவைத்தல் முறை. ஒரு நிமிடம் எடுக்கும் இவ்வொப்பீடு, நாட்கணக்கான மீட்புப் பணியைத் தவிர்க்கும்.

இவை யாவற்றுக்கும் முன்னர்ச் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. சேவையகம் நலமாயிருக்கும்பொழுதே, எக்குழியில் எத்தொடரெண்ணுடைய தட்டு உள்ளது, அதன் கொள்ளளவு யாது, அதிலுள்ள பிரிவுகள் எவை, ஒவ்வொன்றின் யூயூஐடியும் சிறுபெயரும் யாவை, அவை எங்கே இணைவன என்பவற்றை ஒரு பட்டியலாக எடுத்து, அச்சேவையகத்துக்கு வெளியே வைத்தல் வேண்டும். தட்டோடு பட்டியலும் அழியுமாயின் அதனாற் பயனில்லை. றிலாக்ஸ் அன்ட் றிக்கவர் முதலிய மீட்பு நிரல்கள் இத்தகைய பட்டியலைத் தாமே எடுத்துவைத்து, மீட்கும்பொழுது பழைய தட்டின் அளவும் புதியதின் அளவும் ஒவ்வாவிடின், எதற்கு எது ஈடு என நடத்துவோனை வினவுகின்றன. அவ்வினாவுக்குச் சரியான விடை கூற மனிதனிடம் பட்டியல் இருத்தல் வேண்டும். நிரல் வினவலாம்; அறிந்திருத்தல் மனிதனுக்கே உரியது. இப்பட்டியலைக் கொண்டு, உண்மையான இடர் நேருமுன் வெற்றுத் தட்டொன்றில் மீட்பினை ஒருமுறை ஒத்திகை பார்த்தலும் நன்று.

தொகுத்து நோக்குமிடத்து, மாறாத பெயர் என ஒன்று தனியே இல்லை என்பது புலனாகும். ஒவ்வொரு பெயரும் ஏதேனும் ஒன்றைப் பற்றி நிற்கின்றது. பற்றிய பொருள் மாறாதிருக்கும் வரையே பெயரும் மாறாதிருக்கும். வரிசை பற்றிய பெயர் எந்தத் தட்டையும் பற்றியதன்று; ஆதலால் அது நம்பத்தக்கதன்று. நிறுவும்பொழுது உடலையோ இடத்தையோ பற்றிய பெயரும், இயங்கும்பொழுது உள்ளடக்கம் பற்றிய பெயரும், மீட்கும்பொழுது இரண்டையும் ஒப்பிட்டுத் துணிந்த பெயரும் வேண்டப்படும்.

கணினி தனக்கு இட்ட பெயரின் பொருளை ஆராய்வதில்லை. இட்டவன் கருதியது எது என்றும் அறிவதில்லை. சொல்லிய பெயர் சுட்டுவதை எடுத்துக்கொண்டு ஏவியதைச் செய்து முடிக்கும். எனவே பெயரைத் தேர்ந்து இடுதலும், இட்டதைப் பதிந்து பேணுதலும், கைவைக்குமுன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தலும் கணினியை நடத்துவோனின் கடமைகளாகும். அக்கடமைகள் பேணப்படும் இடத்திலேயே நோயாளர் பதிவேடும் மாணவர் பெறுபேறும் அழிவின்றி நிலைத்திருக்கும்.